படமெடுத்த பறவைகளுக்கு ஓர் ஆண்டுப் பட்டியல்: சஃபாரி செல்பவருக்கு எந்த முறை பொருந்தும்?

கென்யாவின் மசாய் மாராவில் எடுத்த ஓர் எருமைப் படத்தை ஊருக்குத் திரும்பி நான்கு மாதங்கள் கழித்துப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிடரியில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு ஆக்ஸ்பெக்கர் பறவைகளும் ஒரே இனம் அல்ல என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒன்றின் அலகு முழுச் சிவப்பு. கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். மற்றதன் அலகு அடியில் பட்டையான மஞ்சளாகத் தொடங்கி நுனியில் மட்டும் சிவந்திருந்தது; கண்ணைச் சுற்றி வளையம் இல்லை. வண்டியில் இருந்தபோது நான் பார்த்தது எருமையை மட்டுமே. ஆகவே அந்த ஆண்டு நான் பார்த்த பறவைகளின் பட்டியலில் மஞ்சளலகு ஆக்ஸ்பெக்கருக்கு இடமில்லை. படமெடுத்த பறவைகளின் பட்டியலிலோ அது சேர்ந்தே ஆக வேண்டும்.

ஆப்பிரிக்க சஃபாரிகளில் ஆண்டுதோறும் படமெடுக்கும் பறவைகளைக் கணக்கில் வைக்க விரும்புகிறவர் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான். பார்த்ததைக் குறித்துவைக்கும் முறைகள் பல உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை குறையில்லாமல் வேலை செய்கின்றன. படமே சான்றாக நிற்கும் பட்டியலின் தேவைகள் வேறு. பதிவும் படமும் பிரியக் கூடாது. ஊர் திரும்பிய பிறகும் பட்டியல் வளர இடம் இருக்க வேண்டும். பறவைகளின் பெயர்களும் இன எல்லைகளும் மாறும்போது பழைய ஆண்டுகளின் கணக்கு குழம்பக் கூடாது. இந்த அளவுகோலை வைத்தே குறிப்பேடு, எக்செல் தாள், இபேர்ட், ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையத் தளங்கள், பேர்ட்லாசர் செயலி, படத்தொகுப்பு மென்பொருள் ஆகியவற்றை இங்கே எடைபோடுகிறேன். ஆறையும் வெவ்வேறு பயணங்களில் பயன்படுத்திப் பார்த்தவன் என்பதால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப்போவதில்லை.

குறிப்பேட்டிலிருந்து தொடங்கலாம். குண்டும் குழியுமான செம்மண் பாதையில் ஆடும் வண்டிக்குள் எழுதிய எழுத்து மறுநாள் எழுதியவருக்கே புரியாது என்பதும், ஆண்டுக் கடைசியில் எண்ணிப் பார்க்க உட்கார்ந்தால் ஒரே பறவையை மூன்று பக்கங்களில் மூன்று பெயர்களில் எழுதியிருப்போம் என்பதும் உண்மையே. இருந்தாலும் கேமராவால் செய்ய முடியாத ஒரு வேலையை அது செய்கிறது. ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட சிஸ்டிகோலா இனங்கள் உள்ளன. அனைத்தும் சிறியவை, பழுப்பு நிறத்தவை. பலவற்றைக் குரலை வைத்துத்தான் பிரிக்க முடியும். கிலுகிலுப்பது, கரகரப்பது, புலம்புவது என்று ஆங்கிலத்தில் அவற்றுக்குப் பெயர் வைத்ததே ஒலியைக் கேட்டுத்தான். நிழற்படத்தில் குரல் பதிவாகாது. “7.40, முட்புதரின் உச்சி, உலர்ந்த விதைக்கூட்டை ஆட்டியது போன்ற ஒலி” என்ற ஒற்றை வரி இல்லாவிட்டால், மிகத் துல்லியமான படம்கூட வெறும் ‘சிஸ்டிகோலா’ என்றே நின்றுவிடும். பறவையை எடுத்து முடித்த கையோடு, அந்த வரி எழுதிய பக்கத்தையும் அதே கேமராவில் ஒரு படம் எடுத்துவிடுவது என் வழக்கம். குறிப்பு அதற்குரிய படங்களுக்கு அடுத்தே வரிசையில் அமர்ந்துவிடுகிறது. பிறகு தேட வேண்டிய வேலை இல்லை.

எக்செல் தாளின் கவர்ச்சி அதன் சுதந்திரத்தில் இருக்கிறது. தமிழ்ப் பெயருக்கு ஒரு நெடுவரிசை வைத்துக்கொள்ளலாம். ஆப்பிரிக்கப் பறவைகள் பலவற்றுக்கு வழக்கூன்றிய தமிழ்ப் பெயர் இல்லாததால், நம் பனங்காடையின் உறவான லைலாக் பிரெஸ்டட் ரோலரை ‘ஊதாமார்புப் பனங்காடை’ என்று நாமே எழுதி மகிழவும் செய்யலாம். எனினும் நீண்ட காலத்தில் இந்தத் தாள் இரண்டு இடங்களில் உடைகிறது. தாளில் எழுதிய கோப்பு எண், படங்களை வேறு வன்தட்டுக்கு மாற்றிப் பெயரிட்ட அன்றே பொருளற்றுப்போகும். அதைவிடப் பெரிய தொல்லை பெயர் மாற்றம். வல்லூறு தமிழ்நாட்டிலும் உண்டு, கென்யாவிலும் உண்டு. நெடுங்காலம் அக்சிபிட்டர் பேடியஸ் என்றிருந்த அதன் அறிவியல் பெயரை இபேர்ட் பின்பற்றும் பட்டியல் 2024-இல் டேக்கிஸ்பைசா பேடியா என்று மாற்றியது. 2023-ஆம் ஆண்டுத் தாளையும் 2025-ஆம் ஆண்டுத் தாளையும் ஒட்டிவைத்து எண்ணினால் ஒரு பறவை இரண்டாகிவிடும். இதற்கு நேர்மாறான கதை நெருப்புக்கோழியுடையது. கென்யாவின் சம்புருவில் காணப்படும் சோமாலி நெருப்புக்கோழியின் ஆணுக்குக் கழுத்தும் காலும் நீலச்சாம்பல். மாராவில் திரிவதற்கு அவை இளஞ்சிவப்பு. முன்பு இரண்டும் ஒரே இனமாக இருந்தன. இப்போது தனித்தனி இனங்கள். பழைய தாளில் வெறுமனே ‘நெருப்புக்கோழி’ என்று எழுதியவர் ஓர் இனத்தை இழந்துவிட்டார் என்பதே பொருள். படத்தைத் திறந்து பார்த்தால்தான் அது மீளும். உலகளவில் ஒன்றோடொன்று முரண்பட்டு வந்த பட்டியல்களை ஒன்றிணைத்து 11,131 இனங்களுடன் 2025 ஜூனில் வெளியான அவிலிஸ்ட் வருங்காலக் குழப்பத்தைக் குறைக்கும். ஆனால் நம் தாளில் உள்ள பழைய வரிகளை அது வந்து திருத்தித் தராது.

அந்தத் திருத்தத்தைத் தானாகச் செய்துதருவதுதான் இபேர்டின் முதல் பலம். கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002-இல் தொடங்கிய இத்தளம் ஆண்டுக்கொரு முறை தன் வகைப்பாட்டைப் புதுப்பிக்கும்போது, நம் பழைய பதிவுகளின் பெயர்களையும் கூடவே மாற்றிவிடுகிறது. ஓர் இனம் இரண்டாகப் பிரிந்தால், இடத்தை வைத்து எது என்று முடிவுசெய்யக்கூடிய பதிவுகளை அது தானே பிரித்து வைக்கிறது. ஆண்டுப் பட்டியல், நாட்டுப் பட்டியல், வாழ்நாள் பட்டியல் எதையும் நாம் எண்ண வேண்டியதில்லை. கைப்பேசிச் செயலி இணையம் இல்லாத இடத்திலும் இயங்குவதால் சிக்னல் அற்ற சமவெளியில் அது கைவிடுவதில்லை. பதிவேற்றும் படங்கள் அதே ஆய்வகத்தின் படக் களஞ்சியமான மெக்காலே நூலகத்தில் சேர்கின்றன. அங்கே நம் படங்களை மட்டும் இனவாரியாகவும் ஆண்டுவாரியாகவும் வடிகட்டிப் பார்க்கலாம்.

இவ்வளவு இருந்தும் அதையே மூலப் பட்டியலாக வைக்க எனக்குத் தயக்கம் உண்டு. இபேர்டின் அடிப்படை அலகு படம் அன்று. ஒரு குறிப்பிட்ட நேரமும் தூரமும் கொண்ட நோக்கல் பட்டியலே அதன் அலகு. எட்டுக் கிலோமீட்டருக்குள் ஒரு பட்டியலை முடித்துக்கொள்ளுமாறு அது பரிந்துரைக்கிறது. சஃபாரி வண்டியோ சிறுத்தையைத் தேடி ஒரு காலையில் ஐம்பது கிலோமீட்டர் ஓடிவிடும். அடிக்கடி நிறுத்திப் புதிய பட்டியல் தொடங்குவது, ஒரு கண்ணை வியூஃபைண்டரில் வைத்திருப்பவருக்கு எளிதான காரியமன்று. அதைவிட முக்கியம், பட்டியலை அனுப்பும்போது அது கேட்கும் கேள்வி: இனங்காண முடிந்த எல்லாப் பறவைகளையும் சேர்த்துவிட்டீர்களா? படமெடுத்தவற்றை மட்டும் பதிகிறவர் இதற்கு ‘இல்லை’ என்றுதான் நேர்மையாகச் சொல்ல முடியும். ‘ஆம்’ என்று தட்டிவிட்டால், அங்கே இருந்தும் நாம் படமெடுக்காத புறாவும் சிட்டும் அன்று அங்கே தென்படவே இல்லை என்று ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்வார்கள். எத்தனையோ பயணக் குழுக்கள் இதைக் கவனிக்காமல் தட்டுவதைப் பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்திருக்கிறேன். படத்தின் மூலையில் பெரிதாகப் பெயர் பொறித்துக்கொள்ளும் நம் வழக்கத்தையும் அத்தளம் விரும்புவதில்லை. சிலருக்கு இது ஒன்றே அதைத் தவிர்க்கப் போதுமான காரணமாக இருக்கிறது.

ஐநேச்சுரலிஸ்ட் படத்தையே அலகாகக் கொள்கிறது என்பதால், நம் நோக்கத்துக்கு இபேர்டைவிட அது நெருக்கமானது போலத் தோன்றும். 2008-இல் பெர்க்லியில் மாணவர்களின் முதுகலைத் திட்டமாகத் தொடங்கிய அந்தத் தளத்தில் படத்தை ஏற்றியவுடன் கணினி ஒரு பெயரைப் பரிந்துரைக்கும். மற்றவர்கள் வந்து ஒத்துக்கொள்வார்கள் அல்லது மறுப்பார்கள். மூன்றில் இரண்டு பங்கினருக்கு மேல் இசைந்தால் பதிவு ஆய்வுத் தரம் பெறும். அடையாளம் தெரியாத படத்துக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. ஹில்டிபிரான்ட் ஸ்டார்லிங் (நம் மைனாவின் உறவு) என்று நான் ஏற்றிய ஒரு படத்தை, மார்பின் குறுக்கே ஓடும் மெல்லிய வெள்ளைக் கோட்டைச் சுட்டிக்காட்டி, அது சூப்பர்ப் ஸ்டார்லிங் என்று முகமறியாத ஒருவர் திருத்தினார். கண் கருமையாக இருந்ததால் நான் ஏமாந்திருந்தேன். வளர்ந்த சூப்பர்புக்குக் கண் வெளிறியிருக்கும், இளம்பறவைக்கோ கருமைதான்.

ஆனால் பட்டியலின் எண்ணிக்கை மற்றவர்களின் இசைவைப் பொறுத்து ஏறி இறங்குவதும், சிஸ்டிகோலா போன்றவை பேரின மட்டத்திலேயே ஆண்டுக்கணக்கில் தொங்கிக்கொண்டிருப்பதும் ஆண்டுக் கணக்கு முடிப்பவருக்கு எரிச்சலூட்டும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அருகிவரும் இனங்களின் இடத்தை அத்தளம் தானாகவே மங்கலாக்கிக் காட்டுகிறது. ஆக்ஸ்பெக்கர் அந்த வகையில் வராது. அது அமர்ந்திருக்கும் காண்டாமிருகம் வரும். பறவையின் பெயரில் ஏற்றிய படத்தில் காண்டாமிருகம் நிற்கும் இடம் துல்லியமாக வெளியாகிவிடும் என்பதால், அத்தகைய படங்களுக்கு இடத்தை மறைக்கும் தேர்வை நாமே கையால் போட வேண்டும்.

பேர்ட்லாசர் தென்னாப்பிரிக்காவில் உருவான செயலி. க்ரூகர் பூங்காவுக்குச் செல்பவர் அதைக் கட்டாயம் கைப்பேசியில் வைத்திருக்கலாம். 2007-இல் தொடங்கிய தென்னாப்பிரிக்கப் பறவை வரைபடத் திட்டத்தின் இரண்டாம் கட்டம், நிலத்தை ஐந்து பாகை நிமிடப் (ஒரு பாகையின் பன்னிரண்டில் ஒரு பங்கு) பக்கமுள்ள கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் குறைந்தது இரண்டு மணிநேரம் நோக்கித் தரும் பட்டியலைக் கேட்கிறது. அதற்குத் தரவு அனுப்புவதில் இச்செயலி கைதேர்ந்தது. ஒரு தட்டில் பறவையும் இடமும் நேரமும் பதிவாகிவிடும். படத்துக்கு அதில் முக்கிய இடமில்லை. ஆகவே நம் போட்டியில் அது ஓரமாக நிற்கிறது.

மிஞ்சுவது படத்தொகுப்பு மென்பொருள். நான் சாய்வது இந்தப் பக்கமே. லைட்ரூம் கிளாசிக்கோ, கட்டணமில்லாத டிஜிகேமோ, எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான்: படத்துக்குள் இனப் பெயரைக் குறிச்சொல்லாக எழுதிவிட்டால் பட்டியல் என்று தனியாக ஒன்றைப் பேண வேண்டியதில்லை. லைட்ரூமின் வடிகட்டிப் பட்டையில் ஒரு நெடுவரிசையில் தேதியையும் அடுத்த நெடுவரிசையில் குறிச்சொல்லையும் வைத்து ஆண்டைத் தேர்ந்தெடுத்தால், அந்த ஆண்டு படமெடுத்த இனங்கள் அனைத்தும் ஒவ்வொன்றுக்கும் எத்தனை படங்கள் என்ற எண்ணோடு வரிசையாக நிற்கும். நான்கு மாதம் கழித்துக் கண்டுபிடித்த ஆக்ஸ்பெக்கருக்கு ஒரு குறிச்சொல் சேர்த்தேன். பட்டியல் தானாக ஒன்று கூடியது. வல்லூறின் பெயர் மாறியபோது குறிச்சொல்லை ஒரே இடத்தில் திருத்தினேன். எல்லா ஆண்டுகளும் ஒருசேரத் திருந்தின. இனப்பிரிவு நேர்ந்தாலும் சான்று கண்முன்னே இருக்கிறது. நெருப்புக்கோழியின் கழுத்து நிறத்தைப் பார்த்து உடனே பிரித்துவிடலாம்.

இதற்கு விலையும் உண்டு. குறிச்சொல் இடுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஒரு வாரப் பயணத்தில் எடுத்த ஆறாயிரம் படங்களைக் கழித்துக் குறைத்த பிறகே அதைத் தொடங்க வேண்டும். அடையாளம் தவறானால் திருத்த ஆளில்லை என்பதால் ஐயமுள்ளவற்றை ஐநேச்சுரலிஸ்டுக்கு அனுப்பிக் கேட்டுக்கொள்கிறேன். வன்தட்டு செத்தால் பட்டியலும் சேர்ந்தே சாகும். இரண்டாவது பிரதி வேறொரு வீட்டில் இருக்க வேண்டும். நம் படங்கள் அறிவியலுக்கும் பயன்பட வேண்டும் என்று நினைப்பவர் இபேர்டில் தனியாகப் பதிவேற்றத்தான் வேண்டும். அன்றாடம் மாலையில் முகாமில் தேநீரோடு உட்கார்ந்து, முழுமையற்ற பட்டியல் என்று குறித்தே நான் அதைச் செய்கிறேன்.

இன்னொரு பொறி கேமராவின் கடிகாரம். டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரியில் முடியும் பயணம், ஐரோப்பாவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வந்த வலசைப் பறவைகள் நிறைந்திருக்கும் பருவத்தில் அமைவதால் பலருக்கும் பிடித்தமானது. அதுவே ஆண்டுப் பட்டியலை இரண்டாக வெட்டும் பயணமும் ஆகும். கென்யாவின் நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி பிந்தியது. ஒரு டிசம்பர் 31 இரவு, மாராவை ஒட்டிய தனியார் காப்பகம் ஒன்றில், விளக்கொளியில் பாதையோரம் அமர்ந்திருந்த பக்கியை 9.50-க்குப் படமெடுத்தேன். கேமராவை இந்திய நேரத்திலேயே விட்டிருந்ததால், தொகுப்பு அதை மறு ஆண்டின் முதல் பறவையாக 12.20-க்குப் பதிந்துகொண்டது. நான் பயன்படுத்தும் பதிப்பில் நேரத்தை முழு மணிக்கணக்கில் நகர்த்தும் தேர்வு நம் அரை மணிக்கு உதவாது. பயணத்தின் எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து, முதல் படத்துக்குச் சரியான நேரத்தைத் தட்டச்சு செய்தால் மற்றவை அதே இடைவெளியில் நகரும். அப்படி நகர்த்தியதும் பக்கி பழைய ஆண்டுக்குத் திரும்பியது. புத்தாண்டின் முதல் பறவையாக, காலை உணவு மேசையில் ரொட்டித் துண்டுக்காகக் காத்திருந்த சூப்பர்ப் ஸ்டார்லிங் வந்து நின்றது. இம்முறை அதன் கண் வெளிறியிருந்தது.