இதழ் மதிப்புரையா, நட்சத்திரமா?

ஒரு புது நாவலை வாங்கலாமா வேண்டாமா என்று பார்க்க இன்று முக்கியமாக இரண்டு வழிகள். காலச்சுவடு, உயிர்மை மாதிரி இதழ்களில் வரும் மதிப்புரை ஒன்று. அமேசானிலும் குட்ரீட்ஸ் என்ற புத்தக இணையதளத்திலும் வாசகர்கள் போடும் நட்சத்திரம் இன்னொன்று. முதலாவதற்குக் காலம் முடிந்துவிட்டது என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வேகத்தில் நட்சத்திரத்தை அடித்துக்கொள்ள முடியாது. புத்தகம் வந்த அன்று இரவே பத்துப் பேர் கருத்து சொல்லிவிடுவார்கள். 2016 இறுதியில் அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் தமிழ் நூல்கள் வரத் தொடங்கிய பிறகு, பதிப்பகமே இல்லாமல் நேரடியாக எழுதி வெளியிடுவோர் பெருகினார்கள். குடும்ப நாவல், திகில், காதல் என்று எழுதும் இவர்களை இலக்கிய இதழ்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. நட்சத்திரம் இல்லையென்றால் இவர்களுக்கு வாசலே கிடையாது. இது சின்ன விஷயம் இல்லை.

சரி, அந்த நட்சத்திரத்தைப் போட்டது யார்? 2023 ஜூனில் அமெரிக்க எழுத்தாளர் எலிசபெத் கில்பர்ட் ரஷ்யப் பின்னணியில் ஒரு நாவலை அறிவித்தார். உக்ரைன் போர் நடக்கும்போது இது தேவையா என்று குட்ரீட்ஸில் நூற்றுக்கணக்கான ஒற்றை நட்சத்திரங்கள் குவிந்தன. புத்தகம் அப்போது வெளிவரவே இல்லை. கோபம் நியாயமாகவே இருக்கட்டும், படிக்காத புத்தகத்துக்கு மதிப்பெண் எப்படிப் போடுவது? அவர் வெளியீட்டைத் தள்ளிவைத்தார். போதாததற்கு, குட்ரீட்ஸ் 2013 முதல் அமேசானின் சொத்து. விற்கிற கடைக்காரரிடமே தராசும் இருக்கிறது.

இதழ்கள் மட்டும் சுத்தமா என்று கேட்கலாம். காலச்சுவடுக்கும் உயிர்மைக்கும் சொந்தப் பதிப்பகங்கள் உண்டு. எழுதுபவர், வெளியிடுபவர், மதிப்பிடுபவர் மூவரும் ஒரே மேடையில் உட்காரும் சின்ன உலகம் இது. வெளியீட்டு விழாவில் பேசிய வாழ்த்துரையே கொஞ்சம் தட்டிக்கொட்டி மதிப்புரையாக வருவதும் உண்டு. ஆனாலும் அடியில் ஒரு பெயர் இருக்கிறது. நாலைந்து கட்டுரைகள் படித்தால் அவருடைய ருசி பிடிபட்டுவிடும். விமர்சகர் க.நா.சு. போட்ட நல்ல நூல்களின் பட்டியல்களோடு சண்டை போட்டவர்களுக்கும் அவை பயன்பட்டன, அவர் எங்கே நிற்கிறார் என்று தெரியும் என்பதால்.

யூடியூப் விமர்சனங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பாதிக்கு மேல் கதைச்சுருக்கம்தான்.

இதழ் மதிப்புரையின் பெரிய குறை தாமதம் என்பார்கள். ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதிகள் அச்சடித்து நூலக ஆர்டருக்குக் காத்திருந்த காலத்தில் அது உண்மையிலேயே குறைதான். மதிப்புரை வருவதற்குள் புத்தகம் கடையிலிருந்து திரும்பிக் கிடங்குக்குப் போயிருக்கும். இப்போது பிரிண்ட் ஆன் டிமாண்டில் ஐம்பது, நூறு என்று தேவைக்கு அடித்துக்கொள்கிறார்கள். இரண்டு வருடம் கழித்து வரும் நல்ல கட்டுரையும் நூறு பிரதி விற்றுத் தரலாம். அதாவது, இதழ்களைக் கொன்றதாகச் சொல்லப்படும் தொழில்நுட்பம்தான் அவற்றின் தாமதத்தை மன்னித்திருக்கிறது. நட்சத்திரம் முதல் வாரத்துக்கு. பழைய புத்தகத்துக்கு அதனால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது.

நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் கிண்டில் நாவல் என்றால் நான் நட்சத்திரம் பார்க்கிறேன், அதிலும் மூன்று நட்சத்திரம் போட்டவர்கள் எழுதியதை மட்டும். எண்ணூறு ரூபாய்த் தலையணை நாவல் என்றால் ஒரு வருடம் பொறுத்து, ஒத்துப்போகாத இரண்டு மதிப்புரைகளைத் தேடிப் படித்துவிட்டுத்தான் பணத்தை எடுக்கிறேன்.