விடியற்காலை மீன் கணக்கா, மாலைக் கடையா?

மண்டபம் பக்கம் கல்லூரியில் படிக்கிற பையனுக்குக் கைக்கெட்டும் பகுதிநேர வேலை இரண்டு. விடியற்காலையில் மீன் இறங்குதளத்தில் எடை போட்டுக் கணக்கு எழுதுவது. இல்லையென்றால் மாலையில் ராமேசுவரத்தில் சங்கு, பாசிமணி விற்கும் கடை.

மீன் கணக்கில், விசைப்படகு கரை திரும்பும் நாளில்தான் காசு. முதல் வகுப்பிலேயே கண் சொக்கும், சட்டையில் வாடை வேறு. ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம். பருவத் தேர்வும் பெரும்பாலும் அப்போதுதான். வருமானம் நின்றாலும் படிக்க நேரம் கிடைக்கும்.

கடையில் மாதச் சம்பளம், சரி. அந்தத் தேர்வு நேரத்தில்தான் கோடை விடுமுறைக் கூட்டமும் குவியும். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு லீவு கேட்கவே முடியாது.

நானாக இருந்தால் மீன் கணக்குதான். ஏப்ரலுக்கு முன் இரண்டு மாதச் செலவுக்குச் சேர்த்துவைக்க வேண்டும், அவ்வளவே.