வெளிநாட்டு ஏடிஎம்மில் பணம் எடுக்க எந்த வழி மலிவு? ஓர் ஒப்பீடு

வெளிநாட்டில் பணம் எடுத்துவிட்டு ஊர் திரும்பி, வங்கிக் கணக்கு அறிக்கையைப் பார்ப்பவரின் கண்ணில் முதலில் படுவது தனி வரியாக நிற்கும் சேவைக் கட்டணம்தான். பெரும்பாலும் அதைவிடப் பெரிய தொகை எந்த வரியிலும் தலைகாட்டாமல் நாணய மாற்று விகிதத்துக்குள்ளேயே கரைந்து போயிருக்கும். கட்டணமில்லாத இயந்திரத்தைத் தேடித் தெருத்தெருவாக அலைபவர்கள் பலர். தம் கையில் உள்ள அட்டை எத்தகையது என்று புறப்படும் முன் பார்ப்பவர்கள் சிலரே. இந்த ஒப்பீட்டில் நான் முதலிடம் தருவது இரண்டாவது வேலைக்குத்தான்.

ஒரே ஒரு முறை பணம் எடுக்கும்போது மூன்று இடங்களில் கழிவு நேரலாம். இயந்திரத்தை நடத்தும் நிறுவனம் தன் பங்குக்கு ஒரு கட்டணம் வாங்கும். இது பொதுவாகத் திரையில் முன்கூட்டியே காட்டப்படும். அட்டையை வழங்கிய நம் வங்கி, பிற வங்கியின் இயந்திரத்தைப் பயன்படுத்தியதற்காக இன்னொரு கட்டணம் பிடிக்கும். மூன்றாவதாக, விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்புகள் அன்றாடம் நிர்ணயிக்கும் மாற்று விகிதத்தின் மேல் நம் வங்கி குறிப்பிட்ட சதவீதத்தைக் கூட்டிக்கொள்ளும். முதல் இரண்டும் பெரும்பாலும் நிலையான தொகைகள். மூன்றாவது மட்டும் எடுக்கும் தொகையோடு சேர்ந்து வளரும்.

இந்த வேறுபாட்டை ஒரு சிறு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். இயந்திரக் கட்டணம் 5, நம் வங்கியின் கட்டணம் 3, மாற்றுக்கான கூடுதல் 3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 200 எடுத்தால் 14 போகும்; இப்படி மூன்று முறை எடுத்தால் 42. அதே 600-ஐ ஒரே தடவையில் எடுத்தால் 26 மட்டுமே போகும். ‘அடிக்கடி எடுக்காதே, மொத்தமாக எடு’ என்ற வழக்கமான அறிவுரை இதுவரை சரிதான். ஆனால் வங்கிக் கட்டணமும் மாற்றுக் கூடுதலும் இல்லாத ஓர் அட்டை கையில் இருந்தால், மூன்று முறை பிரித்து எடுத்தாலும் 15-தான் ஆகும். அதாவது, நல்ல அட்டையில் மூன்று முறை எடுப்பது, சாதாரண அட்டையில் ஒரே முறை எடுப்பதைவிட மலிவாகிறது. கட்டுக்கட்டாகப் பணத்தைச் சட்டைப்பையில் சுமந்து திரியும் கவலையும் இல்லை.

இனி அட்டைகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்போம். அன்றாடம் பயன்படுத்தும் சாதாரண டெபிட் கார்டுக்குப் புதிதாக எந்த ஏற்பாடும் வேண்டாம் என்பதுதான் அதன் பெரிய வசதி. மேற்சொன்ன மூன்று கழிவுகளும் அதில் நேரக்கூடும் என்பது குறை. சில வங்கிகள் வெளிநாட்டு வங்கிகளோடு கூட்டணி வைத்திருக்கின்றன. பேங்க் ஆஃப் அமெரிக்கா, பார்க்ளேஸ், பிஎன்பி பரிபா, டாய்ச்செ பேங்க் போன்றவை இடம்பெறும் குளோபல் ஏடிஎம் அலையன்ஸ் இதற்கு எடுத்துக்காட்டு. கூட்டாளி வங்கியின் இயந்திரத்தில் இயந்திரக் கட்டணம் விலக்கப்பட்டாலும், மாற்றுக்கான சதவீதம் அப்படியே தொடரலாம் என்பதால், இதைப் பாதித் தீர்வாகவே கருதுகிறேன்.

பயணத்தை மனத்தில் வைத்து வழங்கப்படும் டெபிட் கார்டுகள் இரண்டு வகைப்படும். வைஸ், ரெவொலூட் போன்ற நிதிச் சேவை நிறுவனங்களின் அட்டைகள் சந்தை விகிதத்தை ஒட்டி நாணயத்தை மாற்றித் தருகின்றன; ஆனால் ஏடிஎம்மில் எடுப்பதற்கு மாதந்தோறும் ஒரு வரம்பு உண்டு, அதைத் தாண்டினால் கட்டணம் உண்டு. ரெவொலூட்டின் சில திட்டங்களில், சந்தை மூடியிருக்கும் வார இறுதி நாட்களில் மாற்றினால் கூடுதல் தொகை சேரும் என்பதால், வெள்ளிக்கிழமையே தேவையானதை மாற்றி வைத்துக்கொள்வது நல்லது. இன்னொரு வகை, இயந்திரக்காரர் வாங்கிய கட்டணத்தையே திருப்பித் தரும் அட்டை. அமெரிக்காவில் சார்லஸ் ஷ்வாப் வழங்கும் டெபிட் கார்டு இதில் பெயர் பெற்றது. உங்கள் நாட்டில் இத்தகைய அட்டை கிடைக்குமானால், என் பார்வையில் போட்டியே இல்லை.

முன்கூட்டியே பணம் நிரப்பிச் செல்லும் பயண அட்டையில் விகிதம் நிரப்பும் நாளிலேயே உறுதியாகிவிடுகிறது. செலவைத் திட்டமிட விரும்புவோருக்கு அது நிம்மதி. ஆனால் நிரப்புவதற்கு, எடுப்பதற்கு, நீண்ட நாள் பயன்படுத்தாமல் வைத்திருப்பதற்கு, மீதியைத் திரும்பப் பெறுவதற்கு என்று தனித்தனிக் கட்டணங்கள் இருக்கலாம். விளம்பரத்தைப் படிப்பதைவிடக் கட்டணப் பட்டியலைப் படித்துவிட்டு வாங்க வேண்டிய பொருள் இது.

கிரெடிட் கார்டைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அதில் பணமாக எடுப்பது கடன். பணமாக எடுப்பதற்கென்று தனிக் கட்டணம் உண்டு, பொருள் வாங்கும்போது கிடைக்கும் வட்டியில்லாக் காலம் பொதுவாக இதற்குக் கிடையாது, எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும். அவசரத்துக்கு மட்டும். அதே கார்டைக் கடையிலோ விடுதியிலோ நேரடியாகத் தேய்ப்பது முற்றிலும் வேறு கதை. வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் இல்லாத கார்டு என்றால், ரொக்கத்தின் தேவையையே அது பெருமளவு குறைத்துவிடும். எடுக்காத பணத்துக்கு ஏடிஎம் கட்டணம் கிடையாது.

ஊரிலிருந்தே அயல்நாட்டு நோட்டுகளை வாங்கிச் செல்வதிலும், விமான நிலைய நாணய மாற்று முகப்பில் மாற்றுவதிலும், ‘கமிஷன் இல்லை’ என்ற பலகையை நம்பிவிடக் கூடாது. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் அவர்களின் வருமானம். கமிஷனை அதற்குள்ளேயே வைத்துவிடலாம். இறங்கியவுடன் வண்டிக்குக் கொடுக்கும் அளவுக்கு மாற்றிக்கொண்டால் போதும்.

இத்தனை ஒப்பீட்டையும் ஒரே நொடியில் பாழாக்கக்கூடியது இயந்திரத் திரையில் தோன்றும் ஒரு கேள்வி. தொகையை உங்கள் சொந்த நாணயத்தில் கணக்கிட்டுக் கழிக்கலாமா என்று அது கேட்கும். டைனமிக் கரன்சி கன்வெர்ஷன் என்பது இதன் பெயர். ஒப்புக்கொண்டால், வலையமைப்பின் விகிதத்துக்குப் பதிலாக இயந்திரத் தரப்பு சொல்லும் விகிதம் பொருந்தும். அதில் சேர்க்கப்படும் கூடுதல், மேலே பார்த்த 3 சதவீதத்தை எளிதில் தாண்டிவிடும். 8 சதவீதம் என்று கொண்டால், 600-க்கு 48. எவ்வளவு நல்ல அட்டையானாலும் இது குறையாது, கட்டணத்தைத் திருப்பித் தரும் வங்கியும் இதைத் திருப்பித் தராது, ஏனெனில் இது கட்டணமாகவே பதிவாவதில்லை. கழியப்போகும் தொகை அப்போதே தெரிந்துவிடுகிறது என்பது மட்டுமே இதன் பயன். மறுக்கும் பொத்தானை அழுத்தினால் பணம் வராதோ என்று பலர் அஞ்சுகிறார்கள்; பணம் வரும், உள்ளூர் நாணயக் கணக்கில் வரும், அவ்வளவுதான். ஏற்பதும் மறுப்பதும் அட்டைதாரரின் உரிமை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஏப்ரல் முதல், இயந்திரத் தரப்பின் விகிதம் ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்தைவிட எத்தனை சதவீதம் அதிகம் என்று காட்ட வேண்டும் என்பது விதி. காட்டப்படும் எண்ணை நின்று படிப்பவருக்கே அந்த விதியால் பயன்.

ஆகவே என் வரிசை இது: மாற்றுக் கூடுதல் இல்லாத டெபிட் கார்டு முதலில், அது இல்லாதபோது கூட்டணி வங்கியின் இயந்திரம், அடுத்து பயண அட்டை, எல்லாம் கைவிட்டால் மட்டுமே கிரெடிட் கார்டு. வெவ்வேறு வங்கிகளின் இரண்டு அட்டைகளை வெவ்வேறு பைகளில் வைத்துக்கொள்வது அவசியம். இயந்திரம் ஒன்றை விழுங்கிவிட்டால் மலிவும் விலையும் பேசிப் பயனில்லை. பயணத்தின் கடைசி நாட்களில் மொத்தமாக எடுக்காதீர்கள். மிஞ்சும் நோட்டுகளைத் திரும்ப மாற்றும்போது இன்னொரு முறை நஷ்டம், நாணயங்களைப் பெரும்பாலான முகப்புகள் வாங்குவதே இல்லை. விடுதியில் கணக்குத் தீர்க்கும்போது கையிருப்பு ரொக்கம் முழுவதையும் முதலில் கொடுத்துவிட்டு, மீதியைக் கார்டில் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.