ஊசி மெத்தைக்குள் எதை அடைப்பது: துணிப் பிசிறா, இலவம்பஞ்சா, மரத்தூளா?

தையல் மெஷின் இருக்கிற வீட்டில் ஊசி எங்கெல்லாம் குத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று கணக்கெடுத்தால் சிரிப்பு வரும். மெஷின் கழுத்தில் சுற்றிய துணிப்பட்டையில் நாலு, தினசரி காலண்டர் அட்டையில் இரண்டு, ஜன்னல் திரையில் ஒன்று. ஊக்கு என்றால் தாலிக்கொடியிலோ வளையலிலோ கோத்துத் தொங்கும். விளக்கு வைத்த பிறகு பக்கத்து வீட்டில் போய் ஊசி கேட்கவும் முடியாது, கொடுக்க மாட்டார்கள். ஆக, கைக்கு எட்டுகிற இடத்தில் சொந்தமாக ஒரு ஊசி மெத்தை வேண்டும். கடையில் சிவப்பு உருண்டையைச் சுற்றிக் குட்டிப் பொம்மைகள் கைகோத்து நிற்கும் மெத்தை கிடைக்கிறதுதான். ஆனால் பிளவுஸ் தைக்கிற வீட்டில் வெட்டுத் துணி மூட்டை மூட்டையாகக் கிடக்கும்போது அதற்குப் போய்க் காசு கொடுக்க மனசு வரவில்லை.

ஒன்று செய்யலாம் என்று உட்கார்ந்து, ஆசை விடாமல் ஆறேழு செய்துவிட்டேன். பெரும்பாலும் ஒரே அளவு, 7 செ.மீ உருண்டை. உள்ளே அடைத்தது மட்டும் வேறு வேறு. ஆவணியில் ஆரம்பித்து கார்த்திகை மழை ஓயும் வரை எல்லாவற்றையும் மாற்றி மாற்றி மெஷின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். செய்துகாட்டுகிற வீடியோக்களில் மேலே என்ன துணி, ஓரத்தில் என்ன லேஸ், நடுவில் என்ன பொத்தான் என்றுதான் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் அதெல்லாம் கால்வாசி. வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கால்வாசி.

ஊசி சுலபமாக இறங்க வேண்டும், இறங்கியது சாயாமல் நிற்க வேண்டும், உள்ளே முழுகிவிடக் கூடாது, மழைக்காலத்தில் துருப்பிடிக்கக் கூடாது. இன்னொன்றும் உண்டு. ஒரு கையில் துணியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குண்டூசியைப் பிடுங்கும்போது மெத்தையும் கூடவே எழுந்து வரக் கூடாது. வேலை மும்முரத்தில் இதைவிட எரிச்சலூட்டுவது வேறில்லை.

துணிப் பிசிறு

எல்லோரும் தொடங்குவது இதில்தான், நானும். முதல் தடவை செய்த தப்பு, கையில் கிடைத்த துண்டுகளை அப்படியே சுருட்டி அடைத்தது. பிளவுஸ் கைத்துண்டு, கழுத்து வெட்டு, சேலை ஃபால்ஸில் மிஞ்சியது என்று எல்லாம் உள்ளே போனது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஊசியைக் குத்தினால் நாலு மடிப்பு ஒன்றாகச் சேர்ந்த இடத்தில் போய் முட்டி நின்றது. அழுத்தினேன், ஊசி வளைந்தது. பிரித்துக் கொட்டி, எல்லாவற்றையும் கட்டைவிரல் நகம் அளவுக்கு நறுக்கினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது, கத்தரி பிடித்த விரலில் கொப்புளம்.

அப்புறம்தான் புத்தி வந்தது. ஓவர்லாக் மெஷின் ஓரம் அடிக்கும்போது கீழே சுருள் சுருளாக விழுமே, நூலும் துணி ஓரமும் கலந்த பிசிறு, அதைப் போல வசதியான சரக்கு கிடையாது. நறுக்கவே வேண்டாம். தெருமுனை டைலர் அண்ணனிடம் கேட்டேன். "இதையா கேக்குறீங்க, குப்பைக்குத்தானே போகுது" என்று ஒரு கட்டைப்பை நிறைய அள்ளிக் கொடுத்தார். வாங்கியதும் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. செய்தித்தாளில் பரப்பி, ஒரு காந்தத்தை மேலே ஓட்டிவிட வேண்டும். எனக்கு மூன்று குண்டூசியும் உடைந்த மெஷின் ஊசி முனை ஒன்றும் ஒட்டிக்கொண்டு வந்தன. அது விரலால் அழுத்தி அடைக்கிற பொருள், ஞாபகம் இருக்கட்டும்.

திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னும் கொடுப்பினை. மெஷின் துடைக்க என்று கிலோ கணக்கில் விற்கும் பனியன் வேஸ்ட் நறுக்குவதற்கும் அடைப்பதற்கும் மெத்தென்று இருக்கும். குறை என்னவென்றால் பருத்தி ஈரம் இழுக்கும். சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் சுமார் 8.5 சதவீதம் ஈரத்தைப் பருத்தி பிடித்து வைத்துக்கொள்ளும், பாலியஸ்டருக்கு அது 0.4 தான் என்பது ஜவுளிக்காரர்கள் கணக்கு. கார்த்திகையில் முழுப் பருத்தி மெத்தையில் மூன்று வாரம் தொடாமல் விட்ட ஊசிகளில் பழுப்புப் புள்ளி விழுந்தது. ஓவர்லாக் பிசிறில் பாலியஸ்டர் நூல் நிறையக் கலந்திருக்கும். அதனாலோ என்னவோ அதில் விட்டவை பிழைத்துக்கொண்டன. கஞ்சி போட்ட துணியாக இருந்தால் துவைத்துக் காயவைத்துவிட்டு நறுக்குங்கள். இல்லாவிட்டால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி.

இலவம்பஞ்சு

பழைய தலையணை ஒன்று கிழிந்திருந்தது. போடிநாயக்கனூர்ப் பக்கத்து இலவம்பஞ்சு, பட்டுப் போல மினுமினுப்பு. இந்தப் பஞ்சின் இழைக்குள் வெறும் காற்றுதான், இழை மேலே மெல்லிய மெழுகுப் பூச்சு. தண்ணீரில் போட்டால் நனையாமல் மிதக்கும். ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காப்பு அங்கிக்குள் இதைத்தான் அடைத்தார்கள். மெழுகு இருக்கிறது, துரு வராது, ஊசி வழுக்கிக்கொண்டு இறங்கும், இதுதான் ஜெயிக்கப் போகிறது என்று நினைத்தேன்.

துரு வரவில்லை என்பது நிஜம். ஊசி வழுக்கிக்கொண்டு இறங்கியதும் நிஜம். அதுவேதான் தொல்லை. குத்திய ஊசி நேராக நிற்காமல் மெல்லச் சாயும். பத்து நாளில் பஞ்சு அமுங்கி, மேல்துணி தொளதொளத்துவிட்டது. தலை இல்லாத தையல் ஊசிகள் ஒவ்வொன்றாக உள்ளே முழுக ஆரம்பித்தன. ஒருநாள் ஒன்றைக் காணோம் என்று மெத்தையை அழுத்திப் பார்த்தேன், கட்டைவிரல் கண்டுபிடித்துக் கொடுத்தது. எடையும் இல்லை. குண்டூசியைப் பிடுங்கினால் மெத்தையே கையோடு வந்துவிடுகிறது. இலவு காத்த கிளி கதையாகப் போயிற்று.

அடைப்பதும் லேசுப்பட்ட வேலையல்ல. மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, மூக்கில் துணி கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அப்படியும் மறுநாள் காபி டம்ளரில் ஒரு இழை மிதந்தது. இலவம்பஞ்சுதான் இருக்கிறது என்றால் நீங்கள் போதும் என்று நினைக்கிற அளவுக்கு மேல் இன்னும் ஒரு மடங்கு அடையுங்கள். அடியில் ஒரு கூழாங்கல்லை வைத்துவிட்டால் எடைக் குறை தீரும். சாய்கிற குறை தீராது.

மரத்தூள்

இதை நான் கடைசியாகத்தான் செய்தேன், அதுவும் அரைமனதாக. இன்றைக்கு என் மெஷின் பக்கத்தில் இருப்பது இதுதான்.

தச்சுப் பட்டறையில் இரண்டு மாதிரித் தூள் கிடைக்கும். இழைப்புளியில் சுருண்டு வரும் சீவல் நமக்கு உதவாது. ரம்பத்துக்கு அடியில் விழும் மாவு மாதிரியான தூள்தான் வேண்டும். தேக்குத் தூள் கிடைத்தால் நல்லது, அந்த மரத்திலேயே எண்ணெய்ப் பசை உண்டு. பிளைவுட் அறுத்த தூள் வேண்டாம், அதில் பசை கலந்திருக்கும். இரண்டு கைப்பிடி கொண்டுவந்து மாவு சல்லடையில் சலித்தேன், வீட்டில் திட்டு விழுந்தது தனிக்கதை. சிலாம்பு, நார் எல்லாம் மேலே தங்கிவிடும்.

காயவைப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். முதல் மெத்தைக்கு நான் காயவைக்கவில்லை. கையில் தொட்டால் உலர்ந்த மாதிரிதான் இருந்தது. நாலே நாளில் ஊசியை உருவினால் செம்பழுப்பாக வந்தது, வெள்ளை லைனிங் துணியில் ஒரு கறையையும் வைத்துவிட்டுப் போனது. அறுத்த மரத்தின் ஈரம் அவ்வளவு உள்ளே இருந்திருக்கிறது. இரண்டாவது தடவை முறத்தில் பரப்பி இரண்டு முழு வெயில் காட்டினேன். அதற்குப் பிறகு மழைக்காலம் முழுக்க ஒரு புள்ளி துரு இல்லை.

தூள் கசியாமலிருக்க உள்ளே தனிப் பை வேண்டும். பழைய வேட்டித் துணி இரட்டையாகப் போதும். நெருக்கமாகத் தையல் போட்டு, சின்ன வாய் விட்டு, காகிதக் கூம்பு வைத்துத் தூளை இறக்க வேண்டும். ஒவ்வொரு கரண்டிக்கும் பையைத் தரையில் தட்டி, கரண்டிக் காம்பால் குத்தி இறுக்கினேன். நிறைந்துவிட்டது என்று தோன்றிய பிறகும் மூன்று கரண்டி போனது. கடைசியில் பச்சைக் கொய்யாக்காய் மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும். எடை 60 கிராம் பக்கம்தான், ஆனால் அடி தட்டையாக உட்கார்ந்துகொள்ளும், அசையாது. ஊசி இறங்கும்போது சரக்கென்று ஒரு மெல்லிய சத்தம். எந்தச் சாய்வில் குத்தினீர்களோ அதே சாய்வில் நிற்கும். ஒரு ஊசிகூட இன்னும் முழுகவில்லை.

துவைக்க முடியாது, அது ஒரு குறை. தண்ணீர் பட்டால் பிரித்துக் கொட்டிவிட வேண்டியதுதான்.

மற்றவை, சுருக்கமாக

பழைய மெத்தை ஸ்பாஞ்சு முதல் மாதம் அருமையாக இருக்கும். நாளாக ஆக மஞ்சளித்து, பொடிந்து, ஊசியோடு பிசுபிசுவென்று வெளியே வரும். வேண்டாம். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார் ஊசியைக் கூர் தீட்டும் என்கிறார்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அந்த நாரே துருப்பிடிக்கும், ஊசியையும் கெடுக்கும். அரிசி, பருப்பு எடைக்கு நல்லது, வண்டுக்கு அதைவிட நல்லது. உமியை அடைத்தால் கூர்முனைகள் மேல்துணியைக் குத்திக்கொண்டு எட்டிப்பார்க்கும்.

உதிர்ந்த தலைமுடியை அடைப்பது பழைய வழக்கம், மேல்நாட்டிலும் செய்திருக்கிறார்கள். முடியில் இருக்கும் எண்ணெய் ஊசிக்குக் காப்பு. நம் ஊர்த் தலையில் அந்த எண்ணெய் கொஞ்சம் தாராளம். பட்டு பிளவுஸில் தேங்காய் எண்ணெய் வட்டம் விழுந்தால் யார் பதில் சொல்வது? முடியைச் சேர்த்துவைத்துப் பாத்திரக்காரரிடம் போட்டுவிடுவதே லாபம்.

ஸ்வெட்டர் கம்பளியும் நல்ல சரக்குதான், அசல் ஆட்டுக் கம்பளியாக இருந்தால். ஆனால் வீட்டிலிருக்கும் குரங்குக் குல்லாய் பெரும்பாலும் அக்ரிலிக். ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாசனை வந்தால் கம்பளி, உருகி உருண்டை பிடித்தால் அக்ரிலிக்.

எமரி தூள் தனி ரகம். மேல்நாட்டுத் தக்காளி மெத்தையில் ஒரு குட்டி ஸ்ட்ராபெர்ரி தொங்குமே, அது அலங்காரம் இல்லை. அதற்குள் இருப்பது எமரி, ஊசியின் துருவையும் பிசுக்கையும் தேய்த்தெடுக்கும் பொடி. நாம் உப்புத்தாள் என்று சொல்கிறோமே, அதில் உப்பு இல்லை, ஒட்டியிருப்பது இந்த ஜாதிப் பொடிதான். தூள் கிடைக்காதவர்கள் சன்னமான ஆற்று மணலை அலசிக் காயவைத்துப் பயன்படுத்தலாம். கடல் மணலைத் தொடாதீர்கள், அதில் நிஜமாகவே உப்பு உண்டு. 7 செ.மீ உருண்டை முழுக்க மணல் போட்டால் கால் கிலோவைத் தாண்டும். பெரிய நெல்லிக்காய் அளவில் ஒன்று போதும். ஊசியை ஐந்தாறு தடவை குத்தி எடுத்துவிட வேண்டும். அதிலேயே குத்தி வைத்துவிட்டால் மேல்முலாம் தேய்ந்து, அப்புறம் துரு சீக்கிரம் ஏறும்.

மெத்தையே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வழி: பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை ஒரு எவர்சில்வர் தட்டுக்கு அடியில் ஒட்டிவிடுவது. காந்தம் ஒட்டுகிற தட்டுதானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். குண்டூசியைத் தூக்கிப் போட்டால் போதும், தரையில் சிதறியதையும் நொடியில் பொறுக்கிவிடலாம். தொல்லை, ஊசிகளும் காந்தம் ஏறி ஒன்றோடொன்று கொத்தாக ஒட்டிக்கொள்ளும். ஒன்றை எடுத்தால் நாலு வரும். பித்தளைக் குண்டூசி ஒட்டவே ஒட்டாது. நான் இதை வேலை முடிந்த பிறகு கூட்டிப் பெருக்க மட்டும் வைத்திருக்கிறேன்.

மேல்துணியும் அடிப்பாகமும்

மேல்துணிக்கு 20 செ.மீ வட்டம் வெட்டிச் சுருக்கினால் 7 செ.மீ உருண்டைக்குச் சரியாக இருக்கும். பனியன் துணி இழுபடும், ஊசியை எடுத்ததும் துளை மூடிக்கொள்ளும். எனக்குப் பிடித்தது அதுதான். காடா துணியும் சரி. ஜீன்ஸ் துணியில் குண்டூசி இறக்க விரல் வலிக்கும். ஜரிகை பார்டரை வீணாக்க மனமில்லாமல் போட்டால் ஊசி ஜரிகையை இழுத்துக்கொண்டு வரும். ஆசைக்கு அதை ஓரத்தில் மட்டும் சுற்றிக்கொள்ளலாம்.

மேசையில் வைப்பதற்குப் பாதிக் கொட்டாங்குச்சியைத் தேய்த்து வழவழப்பாக்கி, உருண்டையை அதற்குள் ஒட்டிவிட்டால் ஜம்மென்று உட்காரும். மணிக்கட்டில் கட்டுவது என்றால் கதை வேறு. அங்கே உயரம் குறைவு, நீட்டு ஊசி அடியைத் தாண்டிக் கையில் குத்தும். அடியில் கெட்டியான பிளாஸ்டிக் மூடி ஒன்றை வைத்துத் தைத்தே ஆக வேண்டும். அட்டை போதாது, நாலு நாளில் ஓட்டையாகிவிடும். இதற்குள் ஓவர்லாக் பிசிறு அடைத்தால்தான் கைக்கு இதம்.

பிசிறு கொடுத்த டைலர் அண்ணனுக்கும் மரத்தூளில் ஒன்று செய்து, மாம்பழ நிறப் பனியன் துணி போர்த்திக் கொடுத்தேன். அடுத்த வாரம் போனபோது அது மெஷின் கழுத்துத் துணிப்பட்டையில் நாலு குண்டூசியால் குத்தித் தொங்கவிடப்பட்டிருந்தது. ஊசிகள் எல்லாம் வழக்கம்போல அந்தப் பட்டையிலேயே இருந்தன. "அழகா இருக்கும்மா, குத்தினா வீணாப் போயிடும்ல" என்றார்.