எட்டு த்ரெட், ஐந்து பிராசசர்கள்

விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, சிபியு வரைபடத்தின் மீது ரைட் கிளிக் செய்து, லாஜிக்கல் பிராசசர் வாரியாகக் காட்டும்படி மாற்றினால், ஒற்றை வரைபடம் த்ரெட்டுக்கு ஒன்றாகச் சிறு சிறு கட்டங்களாகப் பிரிந்து நிற்கும். இன்டெல் 2018-இல் வெளியிட்ட ஐ7-9700கே பொருத்திய டெஸ்க்டாப்பில் எட்டுக் கட்டங்கள் தோன்றும். 2022-இன் தொடக்கத்தில் வந்த ஐ3-12100-இலும் எட்டுதான். மலிவு விலை லேப்டாப்புகளில் காணப்படும் இன்டெல் ஐ3-என்305, ஏஎம்டியின் ரைசன் 5 7520யூ, 2024-இல் வந்த விலையுயர்ந்த கோர் அல்ட்ரா 7 258வி ஆகிய மூன்றிலும் அதே எட்டு. கட்டங்களை எண்ணி வாங்குபவருக்கு ஐந்தும் ஒன்றுதான். “எட்டு த்ரெட் சார்” என்று சொல்லி விற்பவரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் எல்லாக் கோர்களையும் முடுக்கிவிடும் வேலைகளில் இவற்றுள் மிக வேகமானதற்கும் மிக மெதுவானதற்கும் உள்ள இடைவெளி இரு மடங்கை நெருங்குகிறது. அந்த எட்டு எவற்றைக் கூட்டி வந்த எட்டு என்று பார்த்தால்தான் இந்த இடைவெளி விளங்கும்.

சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. ‘செயலி’ என்ற நல்ல சொல்லை மொபைல் ஆப்புக்குத் தாரை வார்த்துவிட்டோம் என்பதால் இங்கே பிராசசர் என்றே எழுதுகிறேன். கோருக்கு ‘கருவகம்’ என்றும் த்ரெட்டுக்கு ‘இழை’ என்றும் கலைச்சொற்கள் உண்டு. ஆனால் கடையில் எவரும் அப்படிக் கேட்பதில்லை. போதாக்குறைக்கு இன்டெல் தன் பிராசசர் வரிசைக்கே ‘கோர்’ என்று பெயர் வைத்திருக்கிறது. அதனால் முடிந்தவரை ஐ3, ஐ7 என்று சுருக்கமாகவே குறிப்பிடுகிறேன்.

கோர் என்பது கட்டளையை எடுத்து, அதன் பொருளைப் பிரித்தறிந்து, கணக்கிட்டு, விடையை எழுதி முடிப்பது வரை அனைத்தையும் தானே செய்யக்கூடிய ஒரு முழு உறுப்பு. த்ரெட் அப்படிப்பட்ட தனி உறுப்பு அன்று. ஒரு கோர் ஒரே வேளையில் எத்தனை வேலைத்தொடர்களைக் கையில் வைத்திருக்க முடியும் என்ற எண்ணிக்கை மட்டுமே. ஒரு மாஸ்டர் இரண்டு தோசைக்கல்லைப் பார்த்துக்கொள்வதைப் போன்றது இது. ஒரு கல்லில் ஊற்றிய மாவு வேகும் நேரத்தில் அவர் கை சும்மா இருக்க வேண்டியதில்லை. அடுத்த கல்லில் ஊற்றிவிடலாம். பிராசசருக்கு ‘வேகும் நேரம்’ என்பது ரேமிலிருந்து தரவு வந்து சேரும்வரை காத்திருக்கும் நேரம். கேஷில், அதாவது பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான நினைவகத்தில், இல்லாத ஒரு தரவைத் தேடி ரேமுக்குப் போய்த் திரும்புவதற்குள் கோரின் கடிகாரம் சில நூறு முறை துடித்துவிடும். அந்த இடைவெளியில் இரண்டாவது த்ரெட் உள்ளே புகுந்து, சும்மா கிடக்கும் கணக்கீட்டு அலகுகளைப் பயன்படுத்திக்கொள்கிறது. ஆனால் பரோட்டாவுக்கு மாவு அடிப்பது போலக் கை ஓயாத வேலையாக இருந்தால், இரண்டாவது கல்லை வைத்துக்கொண்டு என்ன பயன்? இடைவெளியே இல்லாமல் கணக்கிடும் நிரல்களில் இரண்டாவது த்ரெட் தரும் ஆதாயம் மிகக் குறைவு. சில வேளைகளில் இரண்டும் ஒரே கேஷுக்குப் போட்டியிட்டு வேகம் குறைவதும் உண்டு.

இன்டெல் இதற்கு ஹைப்பர் த்ரெட்டிங் என்று பெயரிட்டு, 2002-இல் முதலில் சர்வர்களுக்கான ஸியான் பிராசசர்களிலும், அதே ஆண்டு நவம்பரில் 3.06 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-இலும் கொண்டுவந்தது. சிப்பின் பரப்பு 5 சதவீதத்துக்கும் குறைவாகவே கூடியது என்றும், சில சர்வர் வேலைகளில் ஆதாயம் 30 சதவீதம் வரை இருந்தது என்றும் அந்நிறுவனத்தின் பொறியாளர்கள் அப்போது எழுதினார்கள். ஏஎம்டி இதே உத்தியை எஸ்எம்டி (ஒரே வேளையில் பல த்ரெட்) என்ற பொதுப்பெயருடன் 2017-இன் ரைசன் பிராசசர்களில்தான் கையாளத் தொடங்கியது.

அந்த ஆதாயத்தின் அளவை மனத்தில் பதித்துக்கொள்ள இன்டெல்லே ஒரு நல்ல சோதனையை அமைத்துக் கொடுத்திருக்கிறது. 2017-இல் வந்த ஐ7-8700கேயில் 6 கோர், 12 த்ரெட். மறு ஆண்டில் அதற்கு வாரிசாக வந்த ஐ7-9700கேயில் 8 கோர், 8 த்ரெட். ஹைப்பர் த்ரெட்டிங் நீக்கப்பட்டிருந்தது. கோரின் வடிவமைப்பு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. கோர்கள் அனைத்தும் பகிர்ந்துகொள்ளும் எல்3 கேஷ் இரண்டிலும் 12 எம்பி. த்ரெட்டுகளை மட்டும் எண்ணியவர்கள் “12 எட்டாகக் குறைந்துவிட்டதே” என்று கொதித்தார்கள். ஆனால் இரண்டாவது த்ரெட்டுக்குக் கால் கோரின் மதிப்புக் கொடுத்துப் பாருங்கள்: பழையது 6 உடன் ஒன்றரை சேர்ந்து ஏழரை, புதியது முழு எட்டு. நடைமுறைச் சோதனைகளிலும் 9700கே சிறிதளவே முந்தியது. ஆகவே வாங்கும்போது மனக்கணக்குப் போட ‘ஒரு கூடுதல் த்ரெட், கால் கோர்’ என்பதைத் தோராயமான வாய்ப்பாடாகக் கொள்ளலாம். ஒரே தலைமுறையைச் சேர்ந்த, ஒரே வகைக் கோர்களை ஒப்பிடும்போது மட்டுமே இந்த வாய்ப்பாடு செல்லும்.

கோர் என்ற சொல்லுக்கே நீதிமன்றத்தில் விளக்கம் தேட நேர்ந்ததும் உண்டு. ஏஎம்டியின் புல்டோசர் வழிவந்த எஃப்எக்ஸ் பிராசசர்களில் இரண்டு இரண்டு கோர்கள் ஒரு மாட்யூலாக இணைந்து, தசம எண் கணக்குகளுக்கான அலகைப் பகிர்ந்துகொண்டன. அப்படிப்பட்ட நான்கு மாட்யூல்களை ‘எட்டுக் கோர்’ என்று விளம்பரம் செய்தது சரியா என்று அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கு, 2019-இல் 1.21 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது.

இப்போது அந்த ஐந்தில் இரண்டு டெஸ்க்டாப் பிராசசர்களை அருகருகே வைப்போம். பழைய கணினிச் சந்தையில் 9700கே கிடைக்கிறது; புதிதாக வாங்குபவர் 12100-ஐ எண்ணிப் பார்க்கிறார். 9700கேயில் எட்டுக் கோர், உச்ச வேகம் 4.9 கிகாஹெர்ட்ஸ், வெளிவந்தபோது அமெரிக்காவில் அதன் பட்டியல் விலை 374 டாலர். 12100-இல் நான்கே கோர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு த்ரெட், உச்ச வேகம் 4.3 கிகாஹெர்ட்ஸ், விலை 122 டாலர். காகிதத்தில் கோர் எண்ணிக்கையிலும் உச்ச வேகத்திலும் முந்தையதே ஜெயிக்கிறது. ஆனால் ஒரே த்ரெட்டில் ஓடும் வேலையைக் கொடுத்தால் 12100 தெளிவாக முன்னே போய்விடுகிறது. கடிகாரம் எத்தனை முறை துடிக்கிறது என்பதுடன் ஒவ்வொரு துடிப்புக்கும் எவ்வளவு வேலை முடிகிறது என்பதும் சேர்ந்ததே வேகம். 9700கேயின் கோர், 2015-இல் ஸ்கைலேக் என்ற இன்டெல் தலைமுறையில் வந்த வடிவமைப்பின் தொடர்ச்சி. முடியாமல் நிலுவையில் உள்ள 224 கட்டளைகள் வரை அதனால் ஒரே நேரத்தில் கையாள முடியும். 12100-இல் உள்ள கோல்டன் கோவ் கோருக்கு அந்த எண் 512. ஒரு கட்டளை ரேமுக்காகக் காத்திருக்கும்போது, அதைத் தாண்டி நெடுந்தூரம் முன்னே பார்த்து, இப்போதே செய்யக்கூடியவற்றைத் தேடி எடுத்துச் செய்துவிடும் திறன் அதற்கு அதிகம்.

எல்லாக் கோர்களும் ஓடும் வேலைகளில் நிலைமை மாறுகிறது. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் படம் ரெண்டர் செய்வது, வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றுவது போன்றவற்றில் 9700கே சற்று முன்னே நிற்கிறது. நான்கு கோர்கள் எட்டுக் கோர்களை இவ்வளவு நெருங்கி வருவதே வியப்பு. ஆனாலும் எட்டு எட்டுதான். அந்த முன்னிலைக்கு என்ன மதிப்பு என்பதற்கு கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்தால் 1967-இல் காட்டிய கணக்கு இன்றும் பொருந்தும். ஒரு வேலையில் 80 சதவீதத்தைப் பலருக்குப் பகிர்ந்தளிக்க முடியும், மீதி 20 சதவீதத்தை ஒருவரே வரிசையாகச் செய்தாக வேண்டும் என்று கொள்ளுங்கள். ஒரே வகையான நான்கு கோர்கள் அதை 2.5 மடங்கு வேகத்தில் முடிக்கும். எட்டுக் கோர்கள் 3.33 மடங்கு வேகத்தில் முடிக்கும். கோர்கள் இரட்டித்தும் கிடைத்தது மூன்றில் ஒரு பங்கு ஆதாயம்தான். பாதி வேலையை மட்டுமே பகிர முடியுமானால், நான்கு கோர்களுக்கு 1.6, எட்டுக்கு 1.78, ஏறக்குறைய ஒன்றுமில்லை. எக்செல் மேக்ரோ ஒரே த்ரெட்டில் ஓடுகிறது. இணையப் பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்டும் பெரும்பாலும் ஒரே த்ரெட்டை நம்பியிருக்கிறது. அலுவலகக் கணினிகளில் கோர்களைக் கூட்டிய பிறகும் “சிஸ்டம் அப்படியேதான் இருக்கு” என்ற புலம்பல் எழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

என் தேர்வு 12100. வேகம் மட்டும் இதற்குக் காரணம் அன்று. 9700கேயின் மதர்போர்டில் அடுத்து ஏறக்கூடிய படி ஐ9-9900கேயோடு முடிந்துவிடுகிறது; 12100-இன் எல்ஜிஏ 1700 சாக்கெட்டிலோ, போர்டு ஈடுகொடுக்குமானால், 13, 14-ஆம் தலைமுறைப் பிராசசர்கள் வரை போகலாம். 9700கேயின் பெட்டியில் கூலர் வராது. 12100-இன் பெட்டியில் வரும். ஏற்கெனவே 9700கே வைத்திருப்பவர் இதைப் படித்துவிட்டு மாற்றக் கிளம்ப வேண்டாம். அது இன்னும் நல்ல பிராசசர்தான்.

லேப்டாப்பில் ஒப்பீடு இன்னும் சிக்கலாகிறது, ஏனெனில் அங்கே பெயரே வழிதவறச் செய்கிறது. ரைசன் 5 7520யூ என்ற பெயரில் 7 என்பது வெளியீட்டு வரிசையைக் காட்டுகிறது. உள்ளே எந்தத் தலைமுறைக் கோர் இருக்கிறது என்பதை மூன்றாவது இலக்கமே சொல்கிறது. இங்கே அது 2. அதாவது 2019-இல் அறிமுகமான ஸென் 2 கோர்கள் நான்கு, த்ரெட்டுகள் எட்டு, எல்3 கேஷ் 4 எம்பி மட்டுமே. அதே ‘ரைசன் 5’ பெயரும் 7-இல் தொடங்கும் எண்ணும் கொண்ட 7530யூவில் ஸென் 3 கோர்கள் ஆறு, த்ரெட்டுகள் 12, கேஷ் 16 எம்பி. ஒற்றை இலக்க வேறுபாட்டில் இவ்வளவு மறைந்திருப்பது வாங்குபவருக்கு நியாயம் செய்வதாக எனக்குத் தோன்றவில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு: 7520யூ எல்பிடிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும், அந்த ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டு வருவதால், 8 ஜிபியோடு வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான்.

அதற்குப் போட்டியான ஐ3-என்305-இல் எட்டு த்ரெட்டுக்கு எட்டுக் கோர். ஆனால் எட்டும் சிறிய ஈ-கோர்கள். இன்டெல்லின் பெரிய பிராசசர்களில் பின்னணி வேலைகளுக்குத் துணையாக வைக்கப்படும் கிரேஸ்மான்ட் கோர்களையே, பெரிய கோர் எதுவும் இல்லாமல் தனியாக அடுக்கியிருக்கிறார்கள். உச்ச வேகம் 3.8 கிகாஹெர்ட்ஸ், எல்3 கேஷ் 6 எம்பி, ரேமுக்கு ஒரே சேனல் (தரவுப் பாதை). ஒற்றை த்ரெட் வேலையில் 7520யூ சற்று முந்தும். எல்லாக் கோர்களும் ஓடும்போது எது வெல்லும் என்பது லேப்டாப் தயாரிப்பாளர் எத்தனை வாட் மின்சாரத்தை அனுமதித்தார், விசிறி எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தது. அடிப்படைக் கணக்கு இரண்டுக்கும் 15 வாட். உலாவி, ஆவணங்கள், ஆன்லைன் வகுப்பு என்ற அளவில் இரண்டுமே போதும். இவ்விரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டுமென்றால், பிராசசரை மறந்துவிட்டு ரேமை மாற்ற முடிகிற லேப்டாப்பை எடுப்பேன். என்305 கொண்ட சில மாடல்களில் அந்த வசதி உண்டு, எல்லாவற்றிலும் இல்லை.

258வியின் எட்டு வேறு வகை. நான்கு பெரிய கோர், நான்கு சிறிய கோர். எந்தக் கோருக்கும் இரண்டாவது த்ரெட் கிடையாது. 22 ஆண்டுகள் விளம்பரப்படுத்திய ஹைப்பர் த்ரெட்டிங்கை இன்டெல் 2024-இல் 258வி இடம்பெறும் லூனார் லேக் லேப்டாப் பிராசசர்களிலும், அதைத் தொடர்ந்து ஆரோ லேக் டெஸ்க்டாப் பிராசசர்களிலும் கைவிட்டது. கால் கோரின் மதிப்புள்ள ஒரு த்ரெட்டுக்காகப் பெரிய கோரைப் பருமனாக்கி மின்சாரம் செலவிடுவதைவிட, அந்த இடத்தில் உண்மையான சிறிய கோரை வைப்பதே மேல் என்பதுதான் இந்த முடிவின் உட்கணக்கு. பாதுகாப்புக் கவலையும் முன்பே எழுந்திருந்தது; ஒரே கோரைப் பகிரும் இரு த்ரெட்டுகளுக்கு இடையே தகவல் கசியக்கூடும் என்று அஞ்சி, ஓபன்பிஎஸ்டி இயங்குதளம் 2018 ஜூனிலேயே ஹைப்பர் த்ரெட்டிங்கை இயல்பாக அணைத்துவைத்தது. ஏஎம்டியோ ரைசன் 9000 வரிசையிலும் எஸ்எம்டியை விடவில்லை.

ஐந்தில் வேகமானது 258விதான். ஒற்றை த்ரெட்டிலும் பல த்ரெட்டிலும் அதுவே முதலிடம், அதுவும் 17 வாட் அடிப்படை மின்சாரத்தில். 9700கேக்கு அந்த எண் 95. எட்டுத் த்ரெட்டும் இடைவிடாது ஓடும் சோதனையில் இரண்டுக்கும் இடையே பெரிய தூரம் இல்லை என்றாலும், ஒன்று பேட்டரியில் ஓடுகிறது, மற்றொன்றுக்குத் தனியாகக் கூலர் வாங்க வேண்டியிருக்கிறது. ஆனால் 258வியின் ரேம் பிராசசரோடு ஒரே பொதியில் வருகிறது. 32 ஜிபி என்பது நிலையானது; கூட்டவோ மாற்றவோ இயலாது. வாங்குபவர் அந்த 32 ஜிபிக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறார். எக்செல்லும் உலாவியும் மட்டுமே தன் உலகம் என்பவருக்கு அந்தக் கூடுதல் விலை தேவையில்லை. அவருடைய மேசையில் இடமும் அருகில் பிளக் பாயிண்ட்டும் இருந்தால், நான்கு கோர் 12100-உம் இரண்டு 8 ஜிபி ரேமும் போதும்.