மேல் அடுக்கில் நான்கரை மணி நேரம்

டிக்கெட்டுகளுக்குப் பணம் கட்டியது நான். ஆசை முழுக்க என் மகளுடையது. 2024 ஆகஸ்ட் 9, 10 இரண்டு நாளும் இண்டியானாபோலிஸில் லூகாஸ் ஆயில் மைதானத்தில் டிசிஐ உலகச் சாம்பியன்ஷிப்பின் அரையிறுதியும் இறுதியும். டிசிஐ என்றால் டிரம் கோர்ஸ் இன்டர்நேஷனல். ஒஹாயோவிலிருந்து மூன்று மணி நேரம் காரோட்டிப் போனோம். திரும்பி வந்ததிலிருந்து நண்பர்கள் "அப்படி என்ன இருக்கு அதுல, போகலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துப்போய் இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் இசை தெரிந்தவன் இல்லை. கணக்கர். மகளின் பள்ளி பேண்டுக்குப் பெற்றோர் சங்கம் ஒன்று உண்டு, அதில் இரண்டு வருடம் பொருளாளராக இருந்தேன். அதனால் மைதானத்துக்குள் பெரிய சறுக்குமேடை ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தால் மற்றவர்கள் "ஆஹா" என்பார்கள், என் வாயில் "இதை ஏற்றிவர எத்தனை லாரி?" என்றுதான் வரும். மதிப்புரையும் அப்படித்தான் இருக்கும்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. டிரம் கோர் என்பது கல்லூரி பேண்டு இல்லை. 21 வயது வரை உள்ள பிள்ளைகள், நூற்றைம்பதுக்கும் மேலே, ஒரே குழுவாகக் கோடை முழுவதும் பஸ்ஸில் ஊர் ஊராகப் போகிறார்கள். பிராஸ் உண்டு (டிரம்பெட் மாதிரிப் பித்தளை ஊதுவாத்தியங்கள்), டிரம் உண்டு, கொடியும் மரத் துப்பாக்கியும் சுழற்றும் கலர் கார்டு உண்டு. புல்லாங்குழல், கிளாரினெட் வகையறாவுக்கு இடமில்லை. பள்ளிக்கூட ஜிம் தரையில் படுக்கை, விடிந்தால் வெயிலில் பயிற்சி, இரவில் ஆட்டம், நள்ளிரவில் மறுபடி பஸ். இத்தனையும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஓடும் ஒரே ஒரு ஆட்டத்துக்காக. ஆகஸ்ட் இரண்டாவது வாரத்தில் வியாழன், வெள்ளி கழித்துச் சனிக்கிழமை இரவுக்குப் பன்னிரண்டு குழுக்கள்தான் மிஞ்சும்.

சீட் விஷயத்தில் நான் செய்த தவறை நீங்கள் செய்ய வேண்டாம். கச்சேரி என்றால் முன்வரிசை என்று பழகிய புத்தி. வெள்ளிக்கிழமைக்குக் கீழே, மைதானத்தை ஒட்டி வாங்கினேன். முகம் தெரிந்தது, வியர்வை தெரிந்தது, டிரம்பெட் நேராக நெஞ்சில் வந்து இடித்தது. ஆனால் என்ன கோலம் போடுகிறார்கள் என்பது கடைசிவரை விளங்கவில்லை. கோலத்தை வாசற்படியில் குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்தது மாதிரி. சனிக்கிழமை மேல் அடுக்கில், நடுக் கோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். அப்போதுதான் வட்டம் சதுரமாவதும், சதுரம் உடைந்து இரண்டு அலையாக ஒன்றுக்குள் ஒன்று புகுந்து போவதும் தெரிந்தது. மகள் முதலிலிருந்தே இதைத்தான் சொன்னாள். "சொன்னேன்ல" என்று ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

இன்னொன்று, இந்த நிகழ்ச்சியின் சிறந்த பகுதிகளில் ஒன்றுக்குக் காசே கிடையாது. ஆட்டத்துக்கு முன் டிரம்லைன்கள் வெளியே காலி இடங்களில் கை சூடேற்றிக்கொள்ளும். அதைச் சுற்றிக் கூட்டம் வளையம் கட்டி நிற்கும். இரண்டடி தூரத்தில் ஒன்பது பேர் ஒரே கையாய் அடிப்பதைக் கேட்டபோது, ஊர்த் திருவிழாவில் தவில்காரர் பக்கத்தில் நின்று வயிறு அதிர்ந்தது ஞாபகம் வந்தது. சீக்கிரமே போய்விடுங்கள்.

சரி, உள்ளே. அன்று ஜெயித்தது ஒஹாயோவின் கேன்டன் ஊரைச் சேர்ந்த புளூகோட்ஸ். ஆட்டத்தின் பெயர் 'சேஞ்ச் இஸ் எவ்ரிதிங்'. அவர்களுக்கு முதல் பட்டம் 2016-இல், இது இரண்டாவது. சொந்த மாநிலத்துப் பற்று என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் ஒருமுறைகூட லாரி எண்ணவில்லை. இந்தக் குழுவின் சாமர்த்தியம் எனக்குப் பிடித்திருக்கிறது. 2014-இல் பிராஸையும் எலெக்ட்ரானிக்ஸையும் சேர்த்துச் சுருதியையே வழுக்கவிட்டார்கள். 2016-இல் சறுக்குமேடைகளைக் கொண்டுவந்து பிள்ளைகளை அதில் ஏறி இறங்கி வாசிக்க வைத்தார்கள். இரண்டுமே புது முயற்சிகள், இரண்டுக்கும் கூட்டம் எழுந்து நின்று கத்தியது. பழைய பதிவுகளை மகள் காரில் போட்டுக்காட்டியபடியே வந்தாள். (ஓட்டுபவனுக்குக் காட்டக் கூடாது என்று சொல்லிப் பார்த்தேன்.)

கூட்டமும் நடுவர்களும் ஒருசேர மெச்சுவது எல்லோருக்கும் வாய்த்துவிடுவதில்லை. மொத்தம் 100 மதிப்பெண். அதில் ஜெனரல் எஃபெக்ட் என்ற ஒட்டுமொத்த விளைவுக்கு 40, காட்சிக்கு 30, இசைக்கு 30. கைதட்டலுக்கென்று தனிக் கட்டம் எதுவும் இல்லை. எஃபெக்ட் நடுவர்கள் அரங்கத்தின் சூட்டை உணராமல் இருக்க மாட்டார்கள்தான். ஆனால் அவர்கள் தேடுவது எவ்வளவு யோசித்துக் கட்டியிருக்கிறார்கள், அது எந்த அளவுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை. டிக்கெட் வாங்கியவனுக்குத் தேவை, தெரிந்த மெட்டு ஒன்று, கடைசியில் காது கிழிய ஒரு உச்சம். நம் சபாக்களில் இல்லாத கதையா? நீளமாக ராகம் தானம் பல்லவி பாடினால் விமர்சகர் எழுதுவார், துக்கடா பாடினால் கூட்டம் எழுந்து போகாது, கேன்டீன் ஓடினால் சபா பிழைக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கதை 1993-இல் நடந்தது. ஸ்டார் ஆஃப் இண்டியானா என்ற குழு, பில் குக் என்ற தொழிலதிபரின் பண பலத்தில் எண்பதுகளில் வந்தது. மற்றவர்கள் இருபது முப்பது வருடம் உழைத்துத் தொட்ட இடத்தை வந்த வேகத்தில் தொட்டது, 1991-இல் பட்டமும் வாங்கியது. 1993-இல் பார்ட்டோக், பார்பர் இசையை எடுத்துக்கொண்டு கிரேக்கப் புராணத்து மீடியா என்ற பெண்ணின் கதையை இறுக்கமாக, இருட்டாக ஆடிக்காட்டினார்கள். கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சலிட்டு ஏசியது. முடிவில் கேடட்ஸ் என்ற குழு 97.4, ஸ்டார் 97.3. அதோடு போட்டியே வேண்டாம் என்று விலகி, பிறகு 'பிளாஸ்ட்!' என்ற பெயரில் மேடை நிகழ்ச்சியாக மாறி 2001-இல் அமெரிக்க நாடக உலகின் டோனி விருது வாங்கினார்கள். இன்று ரசிகர்கள் அந்த 1993 ஆட்டத்தைக் கும்பிடாத குறையாகப் பேசுகிறார்கள். பணத்துக்கு முதுகுக்குப் பின்னால் ஒருவர் இருந்ததால் கூட்டம் ஏசியதைத் தாங்க முடிந்தது என்பது என் கணக்கு. டி-ஷர்ட் விற்ற காசில் டீசல் போடும் குழு அப்படி ஒரு ஆட்டம் ஆடத் துணியுமா?

டி-ஷர்ட் என்றதும் கடைவீதி. மைதானத்தைச் சுற்றி ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கடை. சட்டை, தொப்பி, பின் பேட்ஜ். விலை கூடுதல்தான், ஆனால் நான் பேரம் பேசும் மனநிலையில் இல்லை. ஏனென்றால் பக்கத்து சீட் அம்மாவிடம் பேசியிருந்தேன். டெக்சாஸிலிருந்து வந்தவர், மகன் பாரிட்டோன் வாசிக்கிறான், 21 வயது, இதுதான் கடைசி வருடம். "எவ்வளவு கட்டினீர்கள்?" என்று கூச்சமில்லாமல் கேட்டுவிட்டேன், தொழில் பழக்கம். பெரிய குழுக்கள் பலவற்றில் ஒரு பிள்ளைக்கான கோடைக் கட்டணமே 5,000 டாலரை ஒட்டியோ தாண்டியோ இருக்கிறது. காலணி, முகாமுக்குப் போய்வரும் விமானச் செலவு எல்லாம் தனி. வேலைக்குப் போக முடியாத கோடை, அது யார் கணக்கிலும் வராத செலவு.

நூற்றைம்பது பிள்ளைகள், ஆளுக்கு ஐயாயிரம் என்று வைத்தால் ஏழரை லட்சம் டாலர். பெரிய குழுவின் வருடச் செலவு பத்து லட்சத்தைச் சுலபமாகத் தாண்டும். மீதியை நன்கொடை, ஆட்டத் தொகை, கடை, பிங்கோ என்று இட்டு நிரப்ப வேண்டும். பிங்கோ என்று நான் சொன்னதைப் படித்துச் சிரிக்காதீர்கள், காசு கட்டிச் சீட்டு வாங்கி எண் குத்தும் அதே விளையாட்டுதான். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த, 21 பட்டம் வாங்கிய புளூ டெவில்ஸும் சரி, சாண்டா கிளாரா வேன்கார்டும் சரி, பல வருடமாக பிங்கோ கூடம் நடத்திய காசில் வளர்ந்தவர்கள்தான். அங்கே யாரோ ஒரு பாட்டி எண் குத்தியதில் இங்கே ஒரு ட்யூபா வருகிறது.

அந்த வேன்கார்டு 1967-இல் தொடங்கியது, ஏழு பட்டம். பணக் கஷ்டத்தில் 2023 சீசனையே விட்டுவிட்டு 2024-இல்தான் திரும்பி வந்திருந்தது. அவர்கள் பெயரைச் சொன்னதுமே, ஒரு சுரம் வாசிக்கும் முன்னால், என்னைச் சுற்றி இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். ஆட்டம் நல்லதா கெட்டதா என்று யாருக்கும் கவலை இல்லை, உயிரோடு இருக்கிறார்களே என்ற தட்டல். திரும்பாதவர்களும் உண்டு. 1934-இல் நியூ ஜெர்சியில் பிறந்து பத்து முறை டிசிஐ பட்டம் வென்ற கேடட்ஸ், 2024 ஜனவரியில்தான் வழக்குச் சுமையில் கடையைக் கட்டியது. 1993-இல் 97.4 வாங்கிய அதே கேடட்ஸ். எனக்கு முன்வரிசையில் ஒரு பெரியவர் அவர்களுடைய மெரூன் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். எல்லாக் குழுவுக்கும் கைதட்டினார், எதற்கும் எழுந்து நிற்கவில்லை.

குறைகள். மைக். 2004-இல் ஒலிபெருக்கிக்கும் 2009-இல் எலெக்ட்ரானிக்ஸுக்கும் அனுமதி வந்ததிலிருந்து சிந்தசைசரின் அடிநாதம் எல்லா இடத்திலும் நிரம்பி வழிகிறது. ஒரு குழுவில் எண்பது பேர் பிராஸ் ஊதுகிறார்கள், என் காதில் விழுந்தது ஸ்பீக்கரின் உறுமல். எண்பது பிள்ளைகளின் பெற்றோர் பணம் கட்டியது அந்த உறுமலுக்கா? மைக்கும் மிக்ஸரும் வந்தால் அதற்கு ஆள், ஆளுக்குச் சம்பளம், பெட்டிக்கு லாரியில் இடம் என்று செலவு தொடர்கிறது. மறுபக்கம் நியாயமாகச் சொன்னால், மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் மரிம்பா போன்ற வாத்தியங்களின் மென்மை மேல் அடுக்குவரை வந்ததும் அதே மைக்கால்தான். நடுவில் வரும் வசனங்களை விட்டுவிடலாம். பாதி புரியவில்லை, புரிந்த பாதியும் தேவைப்படவில்லை.

குழுக்களுக்கு இடையில் காத்திருப்பு நீளம். கால் மரத்துப்போகும். நான் கார் விட்ட தனியார் இடத்தில் காலையில் ஒரு விலை, சாயங்காலம் இன்னொரு விலை சொன்னார்கள், அந்தச் சண்டையில் முதல் குழுவின் தொடக்கத்தைத் தவறவிட்டேன். மைதானத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நடந்து வரும் தூரத்தில் அறை எடுத்தால் இந்தத் தலைவலி இல்லை.

கடைசியில் எல்லாக் குழுக்களும் உள்ளே வந்து நிற்க, பன்னிரண்டாம் இடத்திலிருந்து மேல்நோக்கி மதிப்பெண் வாசிப்பார்கள். அரைப் புள்ளி, கால் புள்ளி வித்தியாசங்கள். 2008-இல் ஃபேன்டம் ரெஜிமென்ட் 98.125, புளூ டெவில்ஸ் 98.100 என்று முடிந்ததாம், 0.025-இல் பட்டம். கணக்கில் அதை நாங்கள் ரவுண்டிங்கில் தள்ளிவிடுவோம். நான் மதிப்பெண்ணைப் பார்க்கவில்லை, வயது முடிந்த பிள்ளைகளைத்தான் பார்த்தேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், தோள் குலுங்குகிறது. பக்கத்து சீட் அம்மா தொலைநோக்கியை இறக்கவே இல்லை. அந்த மைதானத்தில் இருப்பதிலேயே விலை உயர்ந்த டிக்கெட்டை வாங்கியவர்கள் புல்லில் நின்றுகொண்டிருந்தார்கள். நாங்கள் மேலே உட்கார்ந்து இலவசப் பாஸில் வந்தவர்கள் மாதிரி "மெட்டு புரியல, போர்" என்று சொல்லிக்கொண்டிருந்தோம், நானும் சேர்த்துத்தான். அதற்காக, புரியாததைப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த முறை ஒரு குழு எனக்குப் புரியாததை ஆடினால் அதன் கடையில் ஒரு சட்டையாவது வாங்குவேன்.

போகலாமா என்று கேட்டால், போகலாம். ஐந்துக்கு நான்கு. அரையிறுதி, இறுதி இரண்டும் வேண்டாம், ஒன்று போதும். ஒன்றுதான் என்றால் வெள்ளிக்கிழமை. டிக்கெட் மலிவு, குழுக்கள் அதிகம், சின்னக் குழுக்களையும் பார்க்கலாம். மேலே உட்காருங்கள். நடுராத்திரி ஆகிவிடும், சின்னக் குழந்தைகள் தாங்காது.

திரும்பும் வழியில் மகள் ரிச்மண்ட் தாண்டும்வரை பேசவில்லை. அப்புறம், "நவம்பர்ல ஆடிஷன் கேம்ப் இருக்குப்பா" என்றாள். அவளுக்கு 17 வயது, மெல்லோஃபோன் வாசிக்கிறாள். பட்ஜெட் போட்டுக் காட்டு, பார்க்கலாம் என்றேன், எதையும் தள்ளிப்போட நான் சொல்லும் வழக்கமான வாக்கியம். வீட்டுக்கு வந்து காரை நிறுத்துவதற்குள் என் போனில் ஒரு எக்செல் வந்து விழுந்தது. செலவுப் பக்கம் பதினோரு வரி, காலணி வரை எழுதியிருந்தாள். வரவுப் பக்கம் ஒரே வரி: அப்பா.

இது செல்லாது, மாற்று என்றேன். ஐந்து நிமிடத்தில் திருத்தம் வந்தது. 'அப்பா, பாதி' என்றிருந்தது. கீழே புதிதாக இன்னொரு வரி: 'பிங்கோ?'