வரி மறந்தும் வென்ற கச்சேரி: ‘எல்லா இன் பெர்லின்’

1960 பிப்ரவரி 13, பெர்லினின் டாய்ச்லாண்ட்ஹாலே அரங்கம். ‘எல்லா இன் பெர்லின்’ இசைத்தட்டு அங்கே நடந்த கச்சேரியின் நேரடிப் பதிவு. ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டுடன் பக்கவாத்தியம் நால்வர்தான்: பால் ஸ்மித் பியானோ, ஜிம் ஹால் கிட்டார், வில்ஃபிரட் மிடில்புரூக்ஸ் பாஸ், கஸ் ஜான்சன் டிரம்ஸ். அவ்வளவு பெரிய கூடத்துக்கு இது சின்னக் குழு. அதனாலேயே குரல் முன்னால் நிற்கிறது.

‘மேக் த நைஃப்’ தொடங்கும்போதே, வரியெல்லாம் நினைவிருக்க வேண்டுமே என்கிறார். சில சரணங்கள் தாண்டியதும் மறந்தேவிடுகிறது. பாட்டு நிற்கவில்லை. மறந்துபோனதையே வரியாக்கிப் பாடுகிறார், இதே பாட்டை முன்பே பாடிய பாபி டாரினையும் லூயி ஆம்ஸ்ட்ராங்கையும் பெயர் சொல்லி இழுக்கிறார், ஆம்ஸ்ட்ராங்கின் கரகரத்த குரலிலும் பாடிக் காட்டுகிறார். குழு சுருதியை அரைப்படி அரைப்படியாக ஏற்றிக்கொண்டே போவதைக் கவனியுங்கள்; சொல் தடுமாறும் இடத்திலும் சுருதி பிசகவில்லை. இந்தப் பதிவுக்கு கிராமி கிடைத்ததில் வியப்பில்லை.

அடுத்து ‘ஹௌ ஹை த மூன்’, ஏறத்தாழ 7 நிமிடம். பெரும்பகுதி ஸ்கேட், அதாவது பொருளில்லாத அசைகளால் கற்பனையாகப் பாடுவது; நம் கற்பனை ஸ்வரம் போல, ஆனால் ஸ்வரப் பெயர்கள் இல்லாமல். நடுவே வேறு பாட்டுகளின் துண்டுகள் வந்து போகும். முதல் தடவையிலேயே எல்லாம் பிடிபடாது, பரவாயில்லை.

‘மிஸ்டி’ அழகு. மற்ற மெதுவான பாடல்கள் ‘மேக் த நைஃப்’, ‘ஹௌ ஹை த மூன்’ இரண்டுக்கும் முன்னால் கொஞ்சம் வெளிறித் தெரிகின்றன. 1993 குறுந்தட்டில் கூடுதல் பாடல்கள் உண்டு. வாங்கினால் அதையே வாங்கலாம். பாஸ் கேட்க ஹெட்போன் தேவை, போன் ஸ்பீக்கரில் மிடில்புரூக்ஸ் காணாமல் போய்விடுவார்.